ரோட்டோரம் விட்டுவந்த ஆஞ்சநேயர்

மாடி வீட்டு ஹம்சா மாமியும் ஸ்ரீனிவாசராகவன் மாமாவும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது சித்திரக்குளம் மேற்குத் தெருவில் பால் பாக்கெட் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும். பேசாமலே குடித்தனம் எப்படி நடந்தது என்பதுதான் கீழ்வீட்டு சூடாமணியைத் தவிர வேறு யாருக்கும் முழுசாகத் தெரியாது. நடத்திக்கொடுத்ததே அவள்தானே.

தினமும் காலையில் தன் வீட்டுக்காரர் வேதாந்தத்தைப் பேப்பரோடு உட்காரவைத்துவிட்டு சூடாமணி மாடிப்படி ஏறுவாள். மாடி வீட்டுச் சமையலறையில் அவளுக்கென்றே ஒரு முக்காலி. கையில் காபி வந்ததும் ஆபீஸ் திறந்துவிடும்.

"சூடாமணி, இன்னிக்கு ஏகாதசி, பலகாரம்தான்னு சொல்லிடு" என்பாள் மாமி.

சொல்லவேண்டிய ஆள் நாலெட்டு தள்ளி ஹாலில் சாய்வு நாற்காலியில் இருக்கிறார். காதில் விழாமல் என்ன? ஆனால் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அது அந்த வீட்டுச் சம்பிரதாயம். சூடாமணி கழுத்தை மட்டும் திருப்பி, "மாமா, இன்னிக்குப் பலகாரம்தானாம்" என்பாள்.

"தெரியும்னு சொல்லு. போன ஏகாதசிக்கு வார்த்த அடையில என் கடவாப்பல் இன்னும் ஆடிண்டிருக்குன்னும் சொல்லு."

சூடாமணி இந்தப் பக்கம் திரும்பி, "கொஞ்சம் மெத்துனு இருந்தா தேவலையாம் மாமி" என்பாள்.

உப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அவள் கையில். குறைத்த நாட்கள்தான் அதிகம் என்று அவளே சொல்லிக்கொள்வாள். தெருவில் வேறு மாதிரி சொல்கிறவர்களும் இருந்தார்கள். எப்படியானாலும் குளத்துச் சுவரோரம் காய்கறி விற்கிற பாஞ்சாலி, "இன்னாமா, மாடி வூட்டுல இன்னா சேதி?" என்று கேட்டுவிட்டுத்தான் தராசைத் தூக்குவாள். சேதி நன்றாக இருந்தால் கறிவேப்பிலை இரண்டு கொத்து. சுமாராக இருந்தால் ஒன்று. தெருவில் சூடாமணிக்கு இருந்த மதிப்பெல்லாம் அந்தக் கறிவேப்பிலையில் இருந்தது.

சண்டைக்குக் காரணம் பெரிய விஷயமில்லை. பெண் மதுவந்தியின் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜானவாச ஊர்வலம். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு திறந்த காரில் ஏறி உட்கார்ந்தாயிற்று. "தெற்குப் பக்கமாப் போக வேண்டாம், அங்க பைப்புக்குத் தோண்டிப் போட்டிருக்கா" என்றாள் மாமி. மாமாவோ ஹைவேஸ் டிபார்ட்மென்டில் பெரிய இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சம்பந்திகள் சுற்றி நிற்க, "ஊர் ரோடெல்லாம் போட்டவன் நான். உனக்கு என்ன தெரியும், பேசாம இரு" என்றார். கார் தெற்குப் பக்கமாகவே போனது. முன்சக்கரம் குழியில் இறங்கியது. மாப்பிள்ளை கீழே இறங்கி நிற்க, நாதஸ்வரக்காரர் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காரைத் தள்ளினார். மாமி, பேசாமல் இரு என்று புருஷன் சொன்னதைத் தட்டாத பத்தினியாக அன்றிலிருந்து பேசாமலே இருந்துவிட்டாள். அவளாகப் பேசட்டும் என்று மாமாவும் இருந்தார். நடுவில் சூடாமணி முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.

மதுவந்தி புருஷனோடு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு என்கிற ஊரில் இருந்தாள். தொண்ணூற்றாறில் அப்பா அம்மாவை வரச்சொல்லி டிக்கெட் அனுப்பினாள். மாமா மாமியைவிட சூடாமணிக்குத்தான் கவலை. கிளம்புகிற அன்று லஸ் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் ஒரு கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் ஆஞ்சநேயரை வாங்கிக்கொண்டு வந்தாள். அடியில் ரப்பர் வட்டம் வைத்தது, கார் முன்பக்கம் ஒட்டுகிற வகை.

"மாமி, நான் இல்லாத எடத்துல இவர் இருக்கட்டும். தூது போறதுல என்னைவிட அனுபவசாலி."

மாமா அதற்குச் சிரித்தார். மாமியும் சிரித்தாள். தனித்தனியாகத்தான்.

அவர்கள் போய்க் கொஞ்ச நாளில் சூடாமணி வீட்டுப் போன் அடித்தது. மதுவந்தி.

"சூடாமணி மாமி, ஒரு காரியம் பண்ணிட்டேன். நாலு பேருமா ஊர் சுத்தப் போறோம்னு ஒரு வேன் எடுத்தேன். கடைசி நிமிஷத்துல எங்களுக்கு லீவு கிடைக்கலேன்னு பொய் சொல்லி, அவா ரெண்டு பேரை மட்டும் ஏத்தி அனுப்பிட்டேன். அப்பாதான் ஓட்டறார். பெர்த் போகணும். மெட்ராஸ்லேர்ந்து டெல்லி போறதைவிட ஜாஸ்தி."

"வேன்லயா? எங்கடீ படுத்துப்பா, எங்க தளிகை பண்ணுவா?"

"எல்லாம் வண்டிக்குள்ளயே. கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவற தொட்டி, குட்டி ஃப்ரிட்ஜ்."

"அதுசரி, யாருடீ அவாளுக்கு நடுவுல பேசறது?"

"அதுக்குத்தான் மாமி அனுப்பினேன். பாதி வழிக்கு மேல மனுஷாளே கிடையாது."

கவலையோடுதான் சூடாமணி போனை வைத்தாள். ஆனாலும் சேதி சேதிதான். கறிவேப்பிலை மூன்று கொத்தாக வந்தது. பாஞ்சாலிக்குத்தான் சமாதானம் ஆகவில்லை.

"வண்டிக்குள்ளயே அடுப்பு, வண்டிக்குள்ளயே படுக்கை. எங்க ஜனம் ரோட்டோரம் குந்திகினு சோறு ஆக்குனா போலீஸ்காரன் லட்டியால தட்டுறான். இவங்க செஞ்சா டூரா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, ரெண்டும் பேசிக்கிச்சுன்னா உன் கதி இன்னா ஆவும்?" என்றாள்.

"ஏழு வருஷம்டீ. அவ்வளவு லேசா?" என்று சூடாமணி சொன்னாள். சொன்னது பாஞ்சாலிக்கு மட்டும் இல்லை.

ஆவணி மாதம் ஒரு காலையில் டாக்சி வந்து நின்றது. சூடாமணி கேட்டருகில் தயாராக நின்றாள். மாமா பெட்டியைத் தூக்கக் குனிந்தார்.

"இடுப்பைப் பிடிச்சுக்கப் போறது. அதை வெச்சுட்டு இப்படி வாங்கோ" என்றாள் மாமி.

யாரிடம் சொல்கிறாள் என்று சூடாமணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"நீ போய்க் கதவைத் திற. சாவி உன் பையிலதான்" என்றார் மாமா.

இரண்டு வாக்கியமும் சூடாமணியின் தோளுக்கு மேலே, அவளைத் தொடாமல் போய்வந்தன. தபாலாபீஸ் வாசலில் நிற்கும்போது கண்முன்னே யாரோ ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

மறுநாள் காலையில் அவள் படியேறியபோது சமையலறையில் முக்காலியைக் காணோம். அது ஹால் மூலைக்குப் போயிருந்தது. அதன்மேல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ரொட்டி சுடுகிற மெஷின் உட்கார்ந்திருந்தது. "ஹாலுக்கு வா சூடாமணி, சோபாவுல சௌகரியமா உட்காரு" என்றாள் மாமி. காபியும் டம்ளரில் வரவில்லை. கங்காரு படம் போட்ட கோப்பையில் வந்தது. விருந்தாளிக்குக் கொடுக்கிறாற்போல. மாமா வாக்கிங் போயிருந்தார். லஸ்ஸில் பிரின்ட் போட்ட போட்டோ உறைகள் மேஜைமேல் கிடந்தன.

சூடாமணி மனசை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கறந்துவிட வேண்டும். யார் முதலில் பேசியது, என்ன பேசியது. அது தெரிந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் போட்டோவில் ஒன்றுமே இல்லை. கீழே பாதி சிவப்பு மண், மேலே பாதி நீலம். நடுவில் ஒரு வெள்ளை வேன், தீப்பெட்டி அளவு.

"இது எந்த ஊரு மாமி?"

"ஊரே இல்லைடீ. அதுக்குப் பேரு நல்லார்பாராம். மரம் கிடையாது. ஒண்ணுகூட. நடுவுல நின்னு சுத்திப் பார்த்தா நாலு பக்கமும் ஆகாசம் தரையில வந்து தொடறது. நம்ம தெருவுல ரெண்டு மொட்டை மாடிக்கு நடுவுல ஒரு துண்டு தெரியறதே, அதையா இத்தனை நாள் ஆகாசம்னு சொல்லிண்டிருந்தோம்னு ஆயிடுத்து."

"வீடு?"

"கிடையாது."

"ஒரு டீக்கடை?"

"எப்பவாவது ஒரு பெட்ரோல் பங்கு. நடுவுல கிடையாது."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றேள், ஏது பண்றேள்னு பார்க்க..."

"பார்க்க யாரு இருக்கா?"

கோப்பை சூடாமணியின் உதட்டருகே நின்றுவிட்டது. ஜன்னல் இல்லாத, எதிர்வீடு இல்லாத, தண்ணீர் லாரிக்கு வரிசை இல்லாத ஓர் இடம். சேலை உலர்த்தினால் என்ன சேலை என்று கேட்க ஆள் இல்லை. பகவான் இப்படியும் ஒன்றைப் படைத்து, அதையும் ஒரு சாக்குத் துணி மாதிரி இத்தனை பெரிசாக விரித்துப் போட்டிருக்கிறார் என்பது நாற்பத்தைந்து வயதில் அவளுக்குப் புதுச் செய்தி.

மாமி சொல்லிக்கொண்டே போனாள். வேனில் ஏறிய உடனே ஆஞ்சநேயரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியாயிற்று. மேப் மாமி மடியில். "ஆஞ்சநேயா, இடது பக்கம் திரும்பச் சொல்லு" என்பாள் மாமி. "ஆஞ்சநேயா, கண்ணாடி போட்டுண்டு மேப்பைப் பார்க்கச் சொல்லு" என்பார் மாமா. காரியம் நடந்தது. சூடாமணிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரு எடத்துல பூமி திடீர்னு முடிஞ்சுபோறதுடீ. கத்தியால வெட்டினாப்பல. கீழே பார்த்தா சமுத்திரம். வேலி போட்டிருக்கா. அந்த ஓரத்துல அவர், இந்த ஓரத்துல நான். தண்ணியில கறுப்பா ஒரு பாறை. பாறைன்னுதான் நினைச்சேன். அது மூச்சு விட்டது."

சூடாமணி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"திமிங்கிலம். பக்கத்துல குட்டி. நம்ம தெருத் தேர் இருக்குமே, அதைவிடப் பெரிசு குட்டியே. அம்மா முதுகு மேல ஏறி ஏறி விழறது. எனக்குக் கண்ணுல ஜலம் வந்துடுத்து. பாருங்கோன்னு சொல்ல வாய் வரை வந்தது. ஆஞ்சநேயர் வண்டியில இருக்கார். என்னடீ பண்ணுவேன்? வண்டிக்கு வந்து, 'ஆஞ்சநேயா, திமிங்கிலமும் குட்டியும் பார்த்தேன்னு சொல்லு'ன்னேன். அவர், 'நானும் பார்த்தேன்னு சொல்லு'ன்னார். அவர் குரலும் சரியா இல்லை."

தெருவில் இந்த இடத்தை எப்படிச் சொல்வது என்று சூடாமணி யோசித்துப் பார்த்தாள். வழக்கமாக அவள் வாயில் தானாக வந்துவிடும் வார்த்தைகள் அன்று வரவில்லை.

மறுநாள் காலை ஒரு சாலையோரத்தில், சிமென்ட் மேஜை போட்ட இடத்தில் வண்டியை நிறுத்தினார்கள். சனிக்கிழமை. மாமி ஆஞ்சநேயரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்து, ஃப்ரிட்ஜிலிருந்து வெண்ணெய் எடுத்து முகத்தில் சாத்தினாள். எங்கே போனாலும் சனிக்கிழமை ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்தாமல் அவளால் இருக்க முடியாது. காபி குடித்தார்கள். ஈக்கள் மொய்த்தன. அவசரமாகக் கிளம்பினார்கள்.

"அதுக்கப்புறம்தான் அந்த ரோடு. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டாப்பல. தொண்ணூறு மைலுக்கு ஒரு வளைவு கிடையாதாம். இடதும் கிடையாது, வலதும் கிடையாது. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. ரொம்ப தூரம் போனப்புறம் பார்க்கறேன், ஒட்டின எடத்துல ரப்பர் வட்டத் தடம் மட்டும் இருக்கு. அவரைக் காணும். மேஜைமேலேயே விட்டுட்டு வந்துட்டேன். இதை இவர்கிட்ட யார் மூலமாடீ சொல்றது? சொல்றவரைத்தானே விட்டுட்டு வந்திருக்கேன்."

சூடாமணி சிரிக்கவில்லை. மேஜைமேல் தனியாக உட்கார்ந்திருப்பது தான்தான் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

"அப்புறம்? யார் மாமி முதல்ல பேசினது?"

"அவர்தான். வண்டியை ஓரங்கட்டிட்டு, 'ஹம்சா, அவரைக் காணுமே'ன்னார். ஏழு வருஷத்துக்கப்புறம் என் பேரு. இறங்கி நடு ரோட்டுல நின்னோம். முன்னாலயும் வண்டி இல்லை, பின்னாலயும் இல்லை. அவர் குனிஞ்சு ரோட்டைத் தொட்டுப் பார்த்தார், குழந்தையைத் தொடறாப்பல. 'நம்ம ஊர்ல ஒரு பர்லாங்கு நேராப் போட விட்டாளா என்னை? ஒரு பக்கம் கோயிலு, ஒரு பக்கம் எம்.எல்.ஏ. மச்சினன் வீடு'ன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுத்து."

"ஜானவாசக் குழியைப் பத்தி..."

"தேடிப் பார்த்தேன் சூடாமணி. அங்க அது அகப்படவே இல்லை."

வந்த வழியே திரும்பிப் போனார்கள், ஆஞ்சநேயரை எடுக்க. போகிற தூரம் முழுக்கப் பேச்சு. அவர் வைத்த இடத்திலேயே இருந்தார். பக்கத்தில் ஒரு காக்கா. மாமி எடுக்கக் கையை நீட்டினாள். "இருக்கட்டும் விடு, எவ்வளவு அழகா உட்கார்ந்திருக்கார்" என்றார் மாமா. போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சூடாமணி கீழே இறங்கிவந்து பையை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போனாள். அங்கே மாமா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்தில் மாமாவைக் காய்கறிக் கூடை முன்னால் யாரும் பார்த்ததில்லை.

"பிஞ்சாப் பார்த்து வாங்கிண்டு வரச் சொன்னா" என்றார், தானாகவே.

"பேஷ். மாமா, ஒண்ணு கேக்கணும். அந்த ரோட்டுல முதல்ல பேசினது நீங்கதானாமே."

"நானா? யார் சொன்னா?" மாமா நிமிர்ந்தார். "ஆஞ்சநேயர் இல்லேங்கறதை நான் எப்பவோ பார்த்துட்டேன். ரோடு நேரா இருக்கறதைச் சொல்லலாம்னு திரும்பினா ஆள் இல்லை. சரி, அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாளேன்னு வாயை மூடிண்டு ஓட்டினேன். அவதான், 'ஐயோ நிறுத்துங்கோ'ன்னு கத்தினா. அவளுக்கு என்ன தெரியும், நடுங்கிப்போயிட்டா பாவம்."

சொல்லிவிட்டு மறுபடி கத்தரிக்காயில் இறங்கிவிட்டார். அந்த வார்த்தைக்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியவில்லை. சூடாமணிக்குத் தெரியும். அவளுக்கு என்ன தெரியும். சம்பந்திகள் முன்னால் சொன்ன அதே வார்த்தை, உனக்கு என்பது மட்டும் அவளுக்கு என்று மாறி. இப்போது காய்கறிக்காரி முன்னால். அதோடு, நீதான் முதலில் கத்தினாய் என்பதையும் சேர்த்து மாடிக்கு எடுத்துக்கொண்டு போனால் போதும். இன்னொரு ஏழு வருஷத்துக்குத் தாங்கும். முக்காலி சமையலறைக்குத் திரும்பிவிடும்.

பாஞ்சாலி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மணம் தெரிந்துவிட்டது.

படி ஏறும்போது அந்த வார்த்தை நாக்கில் சூடாக இருந்தது. சொல்லக்கூட வேண்டாம், 'மாமா வேற மாதிரி சொல்றாரே' என்று இழுத்தால் போதும், மீதியை மாமி பிடுங்கிக்கொள்வாள். மாமி கதவருகிலேயே நின்றாள்.

"அவரைப் பார்த்தியா? என்ன சொன்னார்?"

ஏழு வருஷமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் சூடாமணி வாழ்ந்தாள். வாயைத் திறந்தாள். மாமிக்குப் பின்னால் மேஜைமேல் அந்த போட்டோ மேலாகக் கிடந்தது. சிமென்ட் மேஜை. அதன் நடுவில் கட்டைவிரல் அளவு ஆஞ்சநேயர். அவருக்குப் பின்னால் சிவப்பாக, நீலமாக, கண் போகிற மட்டும் ஒன்றுமில்லை. எத்தனை பெரிய ஒன்றுமில்லை. அந்த நடுரோட்டில் நின்று வயசானவர்கள் இரண்டு பேர் சிரித்திருக்கிறார்கள். காக்காயைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவ்வளவு தூரம் போய்க் கிடைத்ததைச் சித்திரக்குளம் மாடிப்படியில் வைத்து உடைக்க வேண்டுமென்றால் அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"கத்தரிக்கா வாங்கறார் மாமி. பிஞ்சாப் பார்த்துப் பொறுக்கறார்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

நாக்கில் இருந்த வார்த்தையைச் சூடாமணி அப்படியே விழுங்கினாள். "வேற என்ன இருக்கு" என்றாள். பிறகு, "அந்த போட்டோவை எனக்குக் குடுங்கோளேன்" என்றாள்.

கீழே வந்து அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். வேதாந்தம் பேப்பரை இறக்கிப் பார்த்து, "என்னது, வெறும் மண்ணா இருக்கு?" என்றார். "ஆமாம். பாருங்கோ" என்றாள். அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார்.

சாயங்காலம் பாஞ்சாலி கூடையோடு வாசலுக்கே வந்துவிட்டாள். கறிவேப்பிலை பெரிய கட்டாக மேலே தெரிந்தது.

"இன்னாமா, அய்யரு காலைல ஒண்ணு சொன்னாரே. அம்மாவாண்ட போட்டியா? இன்னா ஆச்சு?"

"அய்யர் இல்லைடீ, ஐயங்கார். வெண்டைக்கா என்ன விலை?"

பாஞ்சாலி கறிவேப்பிலையை எடுத்துக் கூடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். அப்படியே எட்டி உள்ளே பார்த்தாள். "அது யாரு போட்டோல? குட்டியூண்டு?"

சூடாமணியும் திரும்பிப் பார்த்தாள். அத்தனை ஆகாசத்துக்குக் கீழே கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கூப்பிட ஆள் இல்லை, சொல்லியனுப்ப ஆள் இல்லை. வெயிலில் லேசாக உருகின வெண்ணெய் முகத்தில் பளபளத்தது. வாய் நிறைய வெண்ணெய்.